ஸ்கேன் நார்மல், கட்டி அங்கேயே: மார்பகப் பரிசோதனை முகாம் நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

மார்பகப் பரிசோதனை முகாம்களை நடத்தும் மருத்துவமனை நிர்வாகிகளுக்கும், அந்த முகாம்களின் படங்களைப் பார்த்து ரிப்போர்ட் எழுதும் கதிரியக்க மருத்துவர்களுக்கும்,

முகாமில் மேமோகிராம் என்னும் மார்பக எக்ஸ்-ரே முடிந்து பெண்கள் கையில் கொண்டுபோகும் சீட்டில் ஒரு ரப்பர் ஸ்டாம்பு இருக்கிறது: "மேமோகிராம் நார்மல். ஓராண்டு கழித்து வரவும்." எந்தத் தொந்தரவும் இல்லாமல், ஒரு தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று வந்தவருக்கு அந்த ஸ்டாம்பு போதும். அதில் எங்களுக்கு வழக்கில்லை. ஆனால் அதே சீட்டின் மேல்பாதியில் "இடது மார்பில் கட்டி, 3 மாதமாக, வலி இல்லை" என்று பேனாவால் எழுதியிருக்கும் பெண்ணுக்கும் கீழே அதே ஸ்டாம்புதான் விழுகிறது. மேல்பாதியை எழுதியது பதிவு மேசையில் இருந்த செவிலியர். ஸ்டாம்பு குத்தியது ரிப்போர்ட் கொடுக்கும் கவுண்டர். இரண்டையும் சேர்த்துப் படிக்கும் வேலை யாருக்கும் ஒதுக்கப்படவில்லை. ஒரு வருடம் பொறுத்திருந்துவிட்டு எங்கள் ஓ.பி.க்கு வரும்போது, சிலருக்குக் கட்டியோடு அக்குளில் நெறியும் கட்டியிருக்கிறது.

நாங்கள் மார்பகப் பிரிவுகளில் கட்டியைத் தொட்டுப் பார்ப்பதும், ஊசியால் திசு எடுப்பதும், அந்தத் திசுவை மைக்ராஸ்கோப்பில் படிப்பதுமாக வேலை செய்பவர்கள். யாரையும் பயமுறுத்த இதை எழுதவில்லை. கையில் தட்டுப்படும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்று அல்ல. மேமோகிராம், அல்ட்ராசவுண்டு இரண்டையும் கட்டி இருக்கும் இடத்தைக் குறிவைத்து முறையாகச் செய்து, இரண்டிலும் ஒன்றும் தெரியாவிட்டால், அந்தக் கட்டி புற்றாக இருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 3க்கும் குறைவு. நல்ல சேதிதான். ஆனால் இந்தக் கணக்கு மூன்று நிபந்தனைகளின் மேல் நிற்கிறது: இரண்டு பரிசோதனையும் நடந்திருக்க வேண்டும், முறையாக நடந்திருக்க வேண்டும், அந்தக் கட்டியைத் தேடி நடந்திருக்க வேண்டும். பல முகாம்களில் நடப்பது வேறு. வேனில் மேமோகிராம் மட்டும் எடுக்கிறார்கள். ரிப்போர்ட் வேறு ஊரிலிருந்து இரண்டு நாள் கழித்து வருகிறது. எழுதுபவர் அந்தப் பெண்ணைப் பார்த்ததும் இல்லை, கட்டி எங்கே என்று அவருக்கு யாரும் சொல்லவும் இல்லை. நிபந்தனை ஒன்றுகூட நிறைவேறாத இடத்தில், 97 சதவீத நிம்மதியை மட்டும் எடுத்துக் கொடுக்கிறீர்கள்.

மேமோகிராம் மட்டும் என்றால் கணக்கே வேறு. படம் எடுக்கும் நேரத்தில் உள்ளே இருக்கும் புற்றுகளில் எட்டில் ஒன்று முதல் ஐந்தில் ஒன்று வரை அதில் தப்பிவிடுகின்றன. மார்பகம் அடர்த்தியாக இருந்தால் இன்னும் அதிகம். சுரப்பித் திசுவும் படத்தில் வெள்ளை, கட்டியும் வெள்ளை. பஞ்சு மூட்டைக்குள் வெள்ளை நூலைத் தேடுகிற வேலை அது. வயது குறையக் குறைய அடர்த்தி கூடும். நம் நாட்டில் இந்த நோய் மேலை நாடுகளைவிட ஏறத்தாழ பத்து வயது முன்னதாகவே வருகிறது. ஆக, மேமோகிராம் தடுமாறும் வயதில்தான் நம் பெண்களில் பலர் கட்டியோடு வந்து நிற்கிறார்கள்.

இதோடு லோபுலர் வகைப் புற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பரவும் தன்மையுள்ள மார்பகப் புற்றுகளில் அது நூற்றுக்கு 10 முதல் 15 வரை. அந்தச் செல்களில் ஒன்றையொன்று ஒட்டவைக்கும் இ-கேட்ஹெரின் என்ற புரதம் இல்லாததால், அவை உருண்டு திரளாமல் திசுவுக்குள் ஒற்றை வரிசையாக ஊர்ந்து போகின்றன. கைக்கு ஒரு தடிப்பு தெரியும். படத்தில் விளிம்புள்ள உருண்டை எதுவும் தெரியாது. இன்னொரு காரணம் மிகச் சாதாரணமானது: கட்டி படச்சட்டத்துக்குள்ளேயே விழாமல் போவது. மார்பின் கீழ்மடிப்பு, நெஞ்செலும்பை ஒட்டிய உள்பக்கம், அக்குள் பக்கம் நீளும் வால்பகுதி, விலா எலும்பை ஒட்டிய ஆழம் ஆகியவை வழக்கமான இரண்டு கோணங்களில் நழுவிவிடும் இடங்கள். மேலிருந்து ஒன்று, சாய்வாக ஒன்று என்ற அந்த இரண்டு கோணங்கள் நோய்க்குறி இல்லாதவருக்கான வடிகட்டல் படம். கட்டியோடு வந்தவருக்கு எடுக்க வேண்டிய படம் அது அல்ல.

அவருக்கு எடுப்பது எப்படி என்று உங்கள் டெக்னீஷியன்களுக்குத் தெரியும். எழுதிக் கேட்க ஆள் இல்லாததால்தான் எடுப்பதில்லை. கட்டியின் மேல் தோலில் ஒரு சிறிய உலோக மணியை டேப் வைத்து ஒட்ட வேண்டும். படத்தில் அந்த மணி புள்ளியாக விழும், கட்டி எங்கே என்ற கேள்வி படத்திலேயே பதிவாகிவிடும். வழக்கமான இரண்டு கோணங்களுக்குப் பிறகு, அந்த இடத்தை மட்டும் சிறிய தகட்டால் அழுத்தி ஒரு படம். புள்ளி புள்ளியாகச் சுண்ணாம்புப் படிவு தெரிந்தால் பெரிதாக்கி இன்னொன்று. மணி படத்துக்குள் விழவில்லையென்றால் கட்டியும் விழவில்லை என்று பொருள். கோணத்தை மாற்றி மறுபடி எடுக்க வேண்டும். மணி ஒட்டுவதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

அல்ட்ராசவுண்டில் நடக்கும் கோளாறு வேறு மாதிரி. வயிறு பார்க்கும் வளைந்த புரோபை வைத்தே மார்பையும் தடவிவிட்டு "நார்மல்" எழுதிய ரிப்போர்ட்டுகள் எங்கள் மேசைக்கு வந்திருக்கின்றன. அந்தப் புரோபு 3 முதல் 5 மெகாஹெர்ட்ஸ்; மார்புக்கு வேண்டியது தட்டையான லீனியர் புரோபு, 12 மெகாஹெர்ட்ஸ் அல்லது அதற்கு மேல். பெண்ணைப் படுக்கவைத்து, அந்தப் பக்கக் கையைத் தலைக்கு மேல் தூக்கச் சொல்லி, எதிர்ப்பக்கமாகச் சற்றுச் சாய்க்க வேண்டும். பிறகு "எங்கேம்மா, உங்க விரலை வெச்சுக் காட்டுங்க" என்று கேட்க வேண்டும். ஸ்கேன் செய்பவர் தன் விரலாலும் அதைத் தொட்டுப் பார்த்து, விரலை எடுக்கும் முன்பே புரோபை அதே இடத்தில் வைக்க வேண்டும். உட்கார்ந்தால் மட்டும் தட்டுப்படும் கட்டியை உட்காரவைத்தே பார்க்க வேண்டும். நெடுக்காகவும் குறுக்காகவும் அளவு எடுத்து, அக்குளையும் பார்த்துவிட்டு முடிக்க வேண்டும். எங்கே கட்டி என்று கேட்காமல் மார்பு முழுவதும் ஒரு சுற்று சுற்றிவந்தால், அந்தப் பெண் எதற்காக வந்தாரோ அந்தக் கேள்வி கேட்கப்படாமலே போகிறது.

முகாம்களில் இப்போது பெருகிவரும், உடல் சூட்டைப் படமாக்கும் தெர்மல் படம் பற்றியும் ஒரு வார்த்தை. வலி இல்லை, கதிர்வீச்சு இல்லை என்று விளம்பரம் செய்கிறார்கள். இரண்டும் உண்மை. மேமோகிராமுக்கு அது மாற்றல்ல என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2019இல் எச்சரித்ததும் உண்மை. கட்டியோடு வந்தவரைத் தெர்மல் படத்தோடு திருப்பி அனுப்புவதை எங்களால் எந்த வகையிலும் ஏற்க முடியவில்லை.

கதிரியக்க மருத்துவர்களே, உங்களிடம் தனியாக ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. மார்பகப் படத்தின் முடிவை எண்ணால் குறிக்கும் பைராட்ஸ் முறையில் நீங்கள் எழுதும் 1 என்பதற்கு உங்கள் அறையில் ஒரு பொருள், சீட்டு போய்ச் சேரும் வீட்டில் வேறு பொருள். உங்களுக்கு அது "படத்தில் சொல்ல எதுவும் இல்லை". வீட்டில் அது "புற்றுநோய் இல்லை". படம் சுத்தமாக இருந்தாலும் கையில் தட்டுப்பட்டதைக் கைப்பரிசோதனையின் கணக்கில்தான் முடிவு செய்ய வேண்டும் என்று, இந்த எண்வரிசையை வகுத்த அமெரிக்கக் கதிரியக்கக் கல்லூரியின் வழிகாட்டலே சொல்கிறது. ஆகவே ரிப்போர்ட்டில் வர வேண்டிய வாக்கியம் இப்படி இருக்கலாம்: "இடது மார்பு, 2 மணி திசை, காம்பிலிருந்து 4 செ.மீ. தூரத்தில் நோயாளி காட்டிய கட்டி தொட்டு உணரப்பட்டது. அந்த இடத்தில் அல்ட்ராசவுண்டில் தனித்த மாற்றம் தெரியவில்லை. கைப்பரிசோதனையில் சந்தேகம் இருந்தால் பயாப்சி (திசுப் பரிசோதனை) தேவை." இரண்டு வரி கூடும். "நார்மல் ஸ்டடி" என்ற இரண்டு சொல்லைப் படித்துவிட்டுக் கோப்பை மூடும் ஜூனியர் டாக்டர், இந்த வரியைப் படித்தால் மூட மாட்டார்.

உங்கள் பக்கத்து நியாயமும் எங்களுக்குத் தெரியும். "மார்பக ஸ்கேன்" என்று மட்டும் எழுதிய சீட்டு வந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்? சீட்டு எழுதும் மருத்துவர் அதில் எந்தப் பக்கம், கடிகார முள்ளின் கணக்கில் எத்தனை மணி திசை, காம்பிலிருந்து எத்தனை சென்டிமீட்டர், கட்டியின் அளவு, கடினமா மெத்தென்றா, நகர்கிறதா ஒட்டியிருக்கிறதா, தோல் உள்வாங்கியிருக்கிறதா, அக்குளில் நெறி உண்டா, எத்தனை நாளாக, கடைசி மாதவிடாய்த் தேதி, பால் கொடுக்கிறாரா, அம்மா, அக்கா, தங்கை, சித்தி, அத்தை யாருக்காவது மார்பகத்திலோ சினைப்பையிலோ புற்று வந்ததா என்று எழுத வேண்டும். ஒரு வட்டம் போட்டுக் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு கிழித்து, கட்டி இருக்கும் இடத்தில் ஒரு புள்ளி வைத்தால் பாதி எழுத்து மிச்சம்.

படம் நார்மல் என்று வந்த பிறகு என்ன செய்வது என்பதுதான் உங்கள் சீட்டில் அறவே இல்லாத பகுதி. மார்பகக் கட்டிக்கு உலகமெங்கும் உள்ள நடைமுறை மும்முனைப் பரிசோதனை: கை, படம், திசு. மூன்றும் ஒரே பக்கம் பேசினால்தான் கோப்பை மூடலாம். கைக்குக் கடினமாக, ஓரம் ஒழுங்கற்றதாக, ஒட்டிக்கொண்டு தெரிகிற கட்டிக்குப் படம் எத்தனை சுத்தமாக இருந்தாலும் ஊசியால் திசு எடுத்தே ஆக வேண்டும். மாதவிடாய் நின்ற பெண்ணுக்குப் புதிதாகத் தனித்துத் தட்டுப்படும் கட்டியையும் இந்த வரிசையில்தான் வைக்கிறோம். அல்ட்ராசவுண்டில் தெரியாத கட்டியை விரல்களுக்கிடையில் பிடித்துக்கொண்டே திசு எடுக்கலாம். மார்பக மருத்துவர்களுக்கு இது தெரிந்த கைவேலை.

அந்த ஊசியும் எந்த ஊசி என்பது முக்கியம். எஃப்.என்.ஏ.சி. என்னும் மெல்லிய ஊசி டெஸ்ட் செல்களை மட்டும் உறிஞ்சுகிறது. "போதிய செல்கள் இல்லை" என்று அதில் வரும் முடிவை "ஒன்றும் இல்லை" என்று படித்துச் சொல்லும் தவறு அன்றாடம் நடக்கிறது. புற்று என்று வந்தாலும், அது பால்நாளத்துக்குள்ளேயே நிற்கிறதா வெளியே பரவிவிட்டதா என்று அதில் பிரித்துச் சொல்ல முடியாது. 14 கேஜ் கோர் ஊசியால், மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு, குறைந்தது மூன்று நான்கு துண்டு எடுப்பதே சரி. துண்டுகளை உடனே 10 சதவீத பஃபர் செய்த ஃபார்மலினில் போட வேண்டும். சலைனிலோ தண்ணீரிலோ போட்டு அனுப்பினால் திசு கெட்டுவிடும். ஃபார்மலினில் 6 மணி நேரத்துக்குக் குறையாமலும் 72 மணி நேரத்தைத் தாண்டாமலும் ஊற வேண்டும். இல்லாவிட்டால் ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2 பரிசோதனைகளை நம்ப முடியாது. எந்த மருந்து என்று முடிவு செய்வதே அவற்றை வைத்துத்தான். சனிக்கிழமை முகாமில் எடுத்த துண்டு புதன்கிழமை லேபுக்குப் போகும் ஏற்பாட்டில் இந்த 72 மணி நேரம் தாண்டிவிடுகிறது. படம் எடுத்த பிறகே ஊசி போட வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம். முதலில் ஊசி போட்டால், உள்ளே கட்டும் ரத்தம் படத்தைக் குழப்பும்.

கோர் ஊசியிலும் ஒரு பொறி உண்டு. விரலுக்குக் கல்லாகத் தட்டிய கட்டியிலிருந்து "சாதாரணக் கொழுப்பும் நாரும்" என்று முடிவு வந்தால், ஊசி கட்டியில் படவில்லை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். மறுபடி எடுக்க வேண்டும், அல்லது அறுவை செய்து கட்டியை முழுதாக எடுத்துப் பார்க்க வேண்டும். அப்படி எடுத்த கட்டியைத் திசுப் பரிசோதனைக்கு அனுப்பாமல் குப்பையில் போடும் சின்ன ஆபரேஷன்கள் இன்னும் நடப்பது வெட்கக்கேடு.

"ஊசி குத்தினா பரவிடும்" என்று பயந்து மறுக்கும் பெண்களை நாங்கள் நாள்தோறும் பார்க்கிறோம். பயாப்சியால் நோய் பரவி உயிருக்கு ஆபத்து கூடும் என்பதற்கு ஆதாரம் இல்லை. இதை முகாமில் மைக் பிடிப்பவர் ஒரு முறையாவது சொல்ல வேண்டும். விழிப்புணர்வுக்காக ரோஸ் ரிப்பன் குத்திக்கொள்வதைவிட அது உபயோகம்.

கைக்கும் பெரிய சந்தேகம் இல்லை, படமும் சுத்தம் என்றால் ஊசி வேண்டாம். ஆனால் தேதி வேண்டும். மாதவிடாய் உள்ளவரை அடுத்த மாதவிடாய் தொடங்கிய 5ஆம் நாளிலிருந்து 10ஆம் நாளுக்குள் மறுபடி தொட்டுப் பார்க்க வேண்டும். ஹார்மோனால் வீங்கிய திசு என்றால் அப்போது வடிந்திருக்கும். வடியவில்லையென்றால் 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை, ஒன்று முதல் இரண்டு ஆண்டுகள், கையாலும் தேவைக்கேற்ப ஸ்கேனாலும். முடிந்தவரை அதே மருத்துவர் பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் அளவை மில்லிமீட்டரில் எழுத வேண்டும். "அப்படியே உள்ளது" என்று எழுதுவது அளவு ஆகாது. இடையில் வளர்ந்தால் அன்றே ஊசி. "ஏதாவது பிரச்சினைன்னா வாங்க" என்று அனுப்பினால் யாரும் வருவதில்லை. வலி இருந்தால்தான் பிரச்சினை என்று நம்பும் ஊரில், வலிக்காத கட்டி எப்படி அவரைக் கூட்டிவரும்?

கட்டியே இல்லாமல் வருகிற புற்றுகளும் உண்டு. பால் கட்டிக்கொண்டது என்று நினைத்த தடிப்பு இரண்டு வாரத்துக்கு மேல் கரையாவிட்டால் ஸ்கேன் செய்ய வேண்டும்; பாலூட்டும் காலம் அதற்குத் தடையே இல்லை. சிவந்து வீங்கி, தோல் ஆரஞ்சுத் தோல் மாதிரி குழி குழியாக ஆன மார்பு, ஆன்டிபயாடிக் கொடுத்து ஒன்றிரண்டு வாரத்தில் அடங்காவிட்டால் பயாப்சி; இன்னொரு கோர்ஸ் மாத்திரை அல்ல. ஒரு பக்கக் காம்பில் மட்டும் ஆறாத சொறி இருந்தாலும், ஒரே துளையிலிருந்து ரத்தம் கசிந்தாலும் "மேமோகிராம் நார்மல்" பதில் ஆகாது.

கையை நம்பலாமா என்று சிலர் கேட்கக்கூடும். மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனை 1998இல் தொடங்கி 20 ஆண்டு, ஒன்றரை லட்சம் பெண்களை வைத்து நடத்திய ஆய்வின் முடிவு 2021இல் பி.எம்.ஜே. என்னும் மருத்துவ இதழில் வந்தது. பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் இரண்டாண்டுக்கு ஒருமுறை கையால் மட்டும் பரிசோதித்தார்கள். நோய் முன்னதாகவே பிடிபட்டது. 50 வயதைத் தாண்டிய பெண்களில் மார்பகப் புற்றால் ஏற்படும் சாவு ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்தது. இளையவர்களில் அந்த அளவு குறைவு தெரியவில்லை. 30 முதல் 65 வயதுப் பெண்களுக்குக் கைப்பரிசோதனை என்று 2016இன் தேசிய வழிகாட்டலும் வகுத்திருக்கிறது. அந்தக் கையால் ஒரு கிராமச் செவிலியர் கண்டுபிடித்து அனுப்பிய கட்டியைத்தான் உங்கள் ஸ்டாம்பு இல்லையென்று ஆக்குகிறது. அடுத்த முறை அந்தச் செவிலியர் அனுப்பத் தயங்குவார். "நர்ஸம்மா சும்மா பயங்காட்டிட்டாங்க" என்று ஊரும் பேசும்.

எங்கள் கோரிக்கைகளை நேராகவே வைக்கிறோம். அந்த ஸ்டாம்பை எடுத்துவிடுங்கள். குறைந்தபட்சம், சீட்டின் மேல்பாதியில் கட்டி என்று எழுதியிருக்கும் பெண்ணுக்குக் குத்தாதீர்கள். அவருடைய சீட்டு வேறு நிறத்தில் இருக்கட்டும். அதில் தமிழில் இப்படி அச்சிடுங்கள்: "படத்தில் ஒன்றும் தெரியவில்லை. உங்கள் கட்டி என்ன என்பதற்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை. இந்தத் தேதியில், இந்த அறைக்கு, கட்டாயம் வாருங்கள்." தேதியும் அறை எண்ணும் வெறுமையாக இருந்தால் சீட்டைக் கையில் கொடுக்கக் கூடாது.

கட்டியோடு வருபவருக்கு உலோக மணி ஒட்டிய மேமோகிராமும் குறிவைத்த அல்ட்ராசவுண்டும் ஒரே நாளில், ஒரே டோக்கனில் முடிய வேண்டும். 30 வயதுக்குக் கீழே என்றால் அல்ட்ராசவுண்டை முதலில் செய்யுங்கள். கூலியை விட்டுவிட்டு வந்தவரிடம் "ஸ்கேனுக்கு வியாழக்கிழமை வாங்க" என்பது வர வேண்டாம் என்பதற்குச் சமம். அல்ட்ராசவுண்டு வசதி இல்லாத வேன், கட்டி உள்ளவருக்கு மேமோகிராம் எடுத்து நார்மல் என்று சொல்லும் வேலையை விட்டுவிட்டு, அவரை நேராக மார்பகப் பிரிவுக்கு அனுப்பட்டும்.

ரிப்போர்ட்டில் கட்டியின் இடம், தொட்டுப் பார்த்தாரா என்ற விவரம், மார்பக அடர்த்தி ஏ (மிகக் குறைவு) முதல் டி (மிக அதிகம்) வரை எது என்பது ஆகிய மூன்றும் இல்லாமல் கையெழுத்து வேண்டாம். அடர்த்தியைப் பெண்ணிடமே தெரிவிக்க வேண்டும் என்பது 2024 செப்டம்பர் முதல் அமெரிக்காவில் விதி. இங்கே விதி வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

படமும் கையும் முரண்படும் ஒவ்வொருவரையும் ஒரு தனி நோட்டில் எழுதி, அதற்கு ஒரே ஒரு செவிலியரைப் பெயர் குறித்துப் பொறுப்பாக்குங்கள். வராதவருக்கு அவர் போன் செய்ய வேண்டும். போன் எடுக்காவிட்டால் அந்த ஊர்க் கிராமச் செவிலியருக்குச் சொல்ல வேண்டும். முதலில் வந்த நாளிலிருந்து 60 நாளுக்குள் நோய் என்னவென்று கண்டறிந்து முடிக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் இலக்கு. உங்கள் நோட்டில் 60 நாள் தாண்டிய வரிகள் எத்தனை என்று மாதம் ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

கடைசியாக, கடந்த இரண்டு ஆண்டு முகாம் பதிவேடுகளை எடுங்கள். "கட்டி" என்றும் "நார்மல்" என்றும் ஒரே சீட்டில் எழுதப்பட்ட பெண்களின் பட்டியலைத் தயாரித்து, அவர்களைத் திரும்ப அழைத்துத் தொட்டுப் பாருங்கள். பட்டியலில் எத்தனை பேர், எந்த மாதத்துக்குள் அழைத்து முடிப்பீர்கள் என்பதை உங்கள் மருத்துவமனை அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். திசு எடுக்கவும் படிக்கவும் ஆள் போதவில்லையென்றால் எங்களைக் கூப்பிடுங்கள். வருகிறோம்.

மார்பகப் பிரிவுகளில் பணிபுரியும் செவிலியர்கள், அறுவை மருத்துவர்கள், நோய்க்குறியியல் மருத்துவர்கள்